நவீன ஓவியத்துக்கும் சர்ரியலிசத்துக்கும் உண்மையில் மதிப்பு உண்டா?

கேள்வி இதுதான்: நவீனக் கலையையும் அதன் கிளைகளுள் ஒன்றான, பகுத்தறிவின் பிடியை விலக்கி மனத்தின் தன்னியக்கத்தைத் தேடும் சர்ரியலிசத்தையும் ஒரு சாரார் இருபதாம் நூற்றாண்டின் பெரும் சாதனை என்கிறார்கள், இன்னொரு சாரார், வரையத் தெரியாதவர்களும் அவர்களைப் புகழ்ந்து பிழைப்பவர்களும் சேர்ந்து நடத்தும் ஏமாற்று என்கிறார்கள், இவற்றுள் எது சரி? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நவீனக் கலை என்று ஒட்டுமொத்தமாகப் பேசும் வரையில் இரு தரப்பும் தவறுதான், ஏனெனில் மதிப்பு என்பது தனித்தனிப் படைப்புகளுக்கு உண்டே தவிர இயக்கங்களுக்கு இல்லை. அத்தோடு, நவீனக் கலைக்கு எதிரான மிகக் கூர்மையான வாதங்களைச் சொன்னவர்களில் பலர் அதை உள்ளிருந்து அறிந்தவர்கள். அவர்களைக் காதுகொடுத்துக் கேட்காமல் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

இந்தச் சர்ச்சை ஒருமுறை நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. 1926ஆம் ஆண்டு, ருமேனியாவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த சிற்பி கான்ஸ்டன்டின் பிரான்குசியின் 'வான்வெளியில் பறவை' என்ற வெண்கலச் சிற்பம் கண்காட்சிக்காக நியூயார்க் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. மெல்லியதாய், நீண்டதாய், கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்ட அந்த வடிவத்தில் அலகும் இல்லை, சிறகும் இல்லை, கண்ணும் இல்லை. கலைப்படைப்புகளுக்கு அமெரிக்காவில் அப்போது சுங்கவரி கிடையாது. ஆனால், இதைக் கலைப்படைப்பாக ஏற்க மறுத்த சுங்க அதிகாரிகள், சமையலறைச் சாமான்களும் மருத்துவமனைக் கருவிகளும் அடங்கும் உலோகப் பொருள் வகையில் சேர்த்து, விலையில் 40 விழுக்காடாகிய 240 டாலரை வரியாக விதித்தார்கள். பிரான்குசி வழக்குத் தொடுத்தார். சிற்பத்தை வாங்கியிருந்த புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன் சாட்சிக்கூண்டில் நின்றபோது, காட்டில் இதைக் கண்டால் பறவையென்று நினைத்துச் சுடுவீர்களா என்று நீதிபதி கேட்டார்; சுட மாட்டேன் என்றார் அவர். 1928 நவம்பரில் தீர்ப்பு பிரான்குசிக்குச் சாதகமாக வந்தது. இயற்கைப் பொருள்களை அப்படியே நகலெடுப்பதற்குப் பதிலாக அரூபமான கருத்துகளைச் சித்திரிக்க முயலும் புதிய கலைப்பள்ளி ஒன்று தோன்றியிருக்கிறது, அதன்மீது நமக்கு அனுதாபம் இருக்கிறதோ இல்லையோ, அது இருப்பதையும் கலையுலகில் அதற்குள்ள செல்வாக்கையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பை நவீனக் கலையின் வெற்றியாகக் கொண்டாடுவது வழக்கம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது நீதிமன்றம் சொல்லாமல் விட்டதுதான். இது கலையா என்ற கேள்விக்கு மட்டுமே நீதிமன்றம் விடை சொன்னது. இது நல்ல கலையா என்ற கேள்வியை அது தொடவே இல்லை. நாம் நடத்தும் விவாதங்களில் பெரும்பாலானவை குழம்புவது இங்கேதான். "இதெல்லாம் ஒரு கலையா?" என்று கேட்பவர் பல நேரங்களில் "இது எனக்கு எதையும் தரவில்லை" என்று சொல்லவருகிறார். "இதுவும் கலைதான்" என்று பதில் சொல்பவரோ, அந்த ஒரு வாக்கியத்தால் படைப்பின் தரத்தையும் நிறுவிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார். மோசமான கவிதையும் கவிதைதான். அதனால் அது நல்ல கவிதை ஆகிவிடுவதில்லை. 1917இல் கலைஞர் மார்செல் துஷாம்ப் ஒரு சிறுநீர்க் கலத்தில் 'ஆர். மட்' என்று கையெழுத்திட்டு, கட்டணம் கட்டிய எவருடைய படைப்பையும் ஏற்பதாக அறிவித்திருந்த நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பினார். அதைக் காட்சிக்கு வைக்க மறுத்துவிட்டார்கள். கலை என்ற பெயரை யார் வழங்குகிறார்கள் என்ற கேள்வியை அது ஒரே வீச்சில் எழுப்பியது. அந்தக் கேள்வியை ஒருமுறை எழுப்புவது பெரிய செயல். அதையே நூறு பேர் நூறு பொருள்களை வைத்துத் திரும்ப எழுப்பியபோது, அந்தச் செயலின் துணிவு அவர்களுக்குச் சொந்தமாகவில்லை என்பது என் எண்ணம்.

இனி, எல்லோரும் சொல்லும் வாதத்துக்கு வருகிறேன்: "என் வீட்டுக் குழந்தைகூட இப்படிக் கிறுக்கும்." இதைச் சொல்பவர்களை ரசனையற்றவர்கள் என்று ஒதுக்குவது நியாயமில்லை, ஏனெனில் வரலாறு அவர்கள் பக்கம் சில சான்றுகளை வைத்திருக்கிறது. 1910இல் பாரிஸில், எழுத்தாளர் ரோலான் தோர்ழெலெஸ் தம் நண்பர்களுடன் சேர்ந்து, ஒரு கழுதையின் வாலில் தூரிகையைக் கட்டி வரையவைத்த ஓவியத்தை, 'போரோனாலி' என்ற கற்பனை ஓவியரின் பெயரில், பெயர்பெற்ற கண்காட்சி ஒன்றில் மாட்டினார். 1964இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் 'பியர் பிராசோ' என்ற பெயரில் காட்டப்பட்ட ஓவியங்களை ஒரு விமர்சகர் மனமாரப் புகழ்ந்தார். வரைந்தது பீட்டர் என்ற நான்கு வயதுச் சிம்பன்ஸி என்பது பின்னர் வெளியானது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1961இல் ஓவியர் மத்தீஸின் 'படகு' 47 நாள்கள் தலைகீழாகத் தொங்கியது. நெதர்லாந்து ஓவியர் மோந்திரியான் ஒட்டுநாடாக்களைக் கொண்டு 1941இல் அமைத்த 'நியூயார்க் நகரம் 1' பல பத்தாண்டுகளாகவே தலைகீழாக மாட்டப்பட்டிருக்கக்கூடும் என்று அதை வைத்திருக்கும் ஜெர்மன் அருங்காட்சியகமே 2022இல் தெரிவித்தது. திருப்பினால் நாடாக்கள் உதிர்ந்துவிடும் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

இவற்றைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்குச் சிரிக்க உரிமை உண்டு. ஆனால், இவை எதை நிறுவுகின்றன என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். கழுதையின் ஓவியமும் சிம்பன்ஸியின் ஓவியமும் சில விமர்சகர்களின் கண்ணைப் பற்றிச் சொல்கின்றன; மோந்திரியானின் கண்ணைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பாஸ்டன் கல்லூரியைச் சேர்ந்த ஆஞ்சலினா ஹாலி-டோலன், எலன் வின்னர் ஆகிய இரு உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், புகழ்பெற்ற அரூப (உருவங்களை நேராகச் சித்திரிக்காத) ஓவியர்களின் படைப்புகளையும், அவற்றோடு மேற்பார்வைக்கு ஒத்திருந்த குழந்தைகள், குரங்குகள், யானைகள் ஆகியோரின் படைப்புகளையும் இணை இணையாகக் காட்டினார்கள். சில இணைகளில் பெயர்ச்சீட்டுகளை வேண்டுமென்றே மாற்றியும் வைத்தார்கள். அப்படியிருந்தும் பார்வையாளர்கள், ஓவியக் கல்வி பெறாதவர்கள் உட்பட, தற்செயலாக அமையக்கூடிய அளவைவிடக் கூடுதலாக ஓவியரின் படைப்பையே சிறந்ததாகத் தேர்ந்தார்கள். பத்துக்கு ஆறு முறைக்குச் சற்றுக் கூடுதல் என்ற அளவுதான் அது. பத்துக்குப் பத்து அன்று. எனக்கு இந்த எண்ணிக்கை மிகவும் பிடித்திருக்கிறது, ஏனெனில் இரு தரப்புக்கும் அதில் பாடம் இருக்கிறது. வேறுபாடு உண்மையாகவே இருக்கிறது, படிக்காதவரின் கண்ணுக்கும் அது புலப்படுகிறது. ஆயினும், மறுக்க முடியாத அளவுக்கு வெளிப்படையாக அது இல்லை.

அந்த வேறுபாடு எதில் இருக்கிறது? திறமை கையிலிருந்து தேர்வுக்கு இடம்பெயர்ந்தது என்று சொல்வேன். 1839இல் புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட பின், முகத்தையும் நிலக்காட்சியையும் உள்ளபடி பதிந்து வைக்கும் வேலைக்கு ஓவியர்தான் வேண்டும் என்ற நிலை மெல்ல மெல்ல மாறியது. எதை வரைவது, எதை விடுவது, எங்கே நிறுத்துவது என்பவை முன்னெப்போதையும்விட வெளிப்படையாக ஓவியத்தின் உள்ளடக்கமாயின. குழந்தை ஒரு கோட்டை அழகாக இழுக்கும். ஆனால் தாளை நம்மிடம் நீட்டிவிட்டு விளையாடப் போய்விடும், இல்லையென்றால் தாள் கறுப்பாகும் வரை கிறுக்கிக்கொண்டே இருக்கும். எங்கே நிறுத்தினால் அந்தக் கோடு நிற்கும் என்று தெரிந்து நிறுத்துவது பயிற்சியால் வருவது. மோந்திரியான் ஒரு கறுப்புக் கோட்டைச் சற்றே நகர்த்துவதற்காக நெடுநேரம் செலவிட்டவர். அவருடைய தொடக்ககால மரங்களின் ஓவியங்களை வரிசையாகப் பார்த்தால், கிளைகள் படிப்படியாகக் கோடுகளாக மாறுவதையும், அந்த மாற்றத்தில் அவசரம் இல்லாததையும் எவரும் காணலாம்.

நவீனக் கலையின் ஆதரவாளர்கள் அடிக்கடி கையாளும் ஒரு வாதத்தை நான் ஏற்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1874இல் ஓவியர் மோனேயின் 'பதிவு: சூரியோதயம்' என்ற ஓவியத்தைப் பார்த்த விமர்சகர் லூயி லெருவா, அரைகுறையாகத் தயாரான சுவர்க்காகிதம்கூட இதைவிட முழுமையாக இருக்கும் என்று எள்ளினார், இன்று மோனேயை உலகமே கொண்டாடுகிறது, ஆகவே இன்று எள்ளப்படுவதும் நாளை கொண்டாடப்படும் என்பது அந்த வாதம். எள்ளப்பட்டவர்களில் காலத்தை வென்றவர்களின் பெயர்கள் மட்டுமே நம் நினைவில் இருக்கின்றன. எள்ளப்பட்டு, அதற்குத் தகுதியாகவே மறக்கப்பட்டவர்களை எண்ணிக் கணக்கு வைத்தவர் எவரும் இல்லை. பழிக்கப்பட்டது என்பது ஒரு படைப்புக்குத் தகுதிச் சான்று ஆகாது.

சர்ரியலிசத்துக்கு வருவோம். இந்த இயக்கத்தை வெறும் கனவுப்படங்களாகப் புரிந்துகொள்வதால்தான் அதைப் பற்றிய புகழும் இகழும் இரண்டுமே மேலோட்டமாக இருக்கின்றன. 1924இல் பாரிஸில் சர்ரியலிசத்தின் முதல் அறிக்கையை வெளியிட்ட கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன், முதல் உலகப்போரின்போது மருத்துவ மாணவராக இருந்து, 1916இல் சென்-திசியே நகரின் மனநல மையத்தில் போரினால் மனம் சிதைந்த வீரர்களைக் கவனித்துக்கொண்டவர். அவர்களுடைய தொடர்பற்ற பேச்சில், சீரான கவிதைகளில் அவர் காணாத படிமங்கள் வந்து விழுந்தன. லட்சக்கணக்கானோரைக் கொன்ற அந்தப் போரை நடத்தியவர்கள் பைத்தியக்காரர்கள் அல்லர். கணக்குத் தெரிந்த, பகுத்தறிவு மிக்க அரசுகள். ஆகவே, பகுத்தறிவின் கண்காணிப்பு இல்லாமல் மனம் தானாக இயங்கினால் என்ன பேசும் என்று கேட்பது அவருக்கு அழகியல் விளையாட்டாக இருந்திருக்க முடியாது. தணிக்கையின்றி, அழகியல் அக்கறையோ ஒழுக்க அக்கறையோ இன்றி, சிந்தனை தானே தன்னை எழுதிக்கொள்வதுதான் சர்ரியலிசம் என்று அவர் வரையறுத்தார்.

வரையறையைக் கவனியுங்கள்: அது ஒரு செயல்முறையைச் சொல்கிறது, ஒரு தோற்றத்தைச் சொல்லவில்லை. இந்த இயக்கத்தின் பலமும் அங்கேதான் இருக்கிறது, அதன் வீழ்ச்சியும் அங்கிருந்து விலகியபோதுதான் தொடங்கியது. 1925 ஆகஸ்டில், ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் கடலோரச் சத்திரம் ஒன்றில் தங்கியிருந்தபோது, தேய்ந்துபோன மரத்தளத்தின் வரிகள் அவர் கண்ணை விடாமல் பிடித்துக்கொண்டன. பலகைகளின்மீது தாள்களைப் போட்டுப் பென்சிலால் தேய்த்தார். தாளில் வந்த வரிகளுக்குள் காடுகளும் பறவைகளும் விலங்குகளும் தெரியத் தொடங்கின; அவற்றைச் சற்றே திருத்தி 1926இல் 'இயற்கை வரலாறு' என்ற தொகுப்பாக்கினார். தன் கையின் பழக்கத்தைத் தானே ஏமாற்றி, தான் நினைத்திராத ஒன்றைத் தாளில் சந்திப்பதற்கு அவர் கண்ட வழி அது. ஆந்த்ரே மாசோன் பசையைக் கித்தானில் ஊற்றி, மணலைத் தூவி, மணல் ஒட்டிய இடங்களைப் பின்தொடர்ந்து கோடிழுத்தார். இந்தப் படைப்புகளில் தற்செயலும் தேர்வும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பதைக் கண்ணால் காண முடியும்.

இன்னொரு கிளை, கனவை மிகத் துல்லியமான பழைய பாணியில் வரைந்தது. சால்வடோர் டாலி அதன் முதன்மையான பெயர். அவரது 'நினைவின் நீடிப்பு' (1931) பலர் எண்ணுவதுபோலப் பெரிய ஓவியம் இல்லை, 24 செ.மீ. உயரமும் 33 செ.மீ. அகலமும் கொண்ட சிறிய ஓவியம். உருகித் தொங்கும் கடிகாரங்களை நகைத்தொழிலின் நுணுக்கத்தோடு அந்தச் சிறு பரப்பில் வரைந்திருக்கிறார். வரையத் தெரியாதவர்கள்தான் நவீனர்கள் ஆனார்கள் என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு ஓவியமே போதுமான பதில். ஆனால், நவீனக் கலையின் மிகப் பெரிய ஆதரவாளர்களில் ஒருவரான அமெரிக்க விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க் இதே காரணத்துக்காகத்தான் சர்ரியலிச ஓவியத்தை ஏற்க மறுத்தார். வண்ணமும் வடிவமும் பரப்பும் தம் சொந்தக் காலில் நிற்கக் கற்றுக்கொண்ட பின், ஓவியத்துக்கு வெளியே இருக்கும் கதையை மீண்டும் உள்ளே கொண்டுவரும் பிற்போக்கு முயற்சியாக 1939இலேயே அவர் அதைக் கண்டார். பொதுமக்களில் பலர் டாலியை விரும்புவதும் அதே துல்லியத்துக்காகத்தான். ஒரே குணத்தை வைத்து ஒரு தரப்பு போற்றுகிறது, மறு தரப்பு நிராகரிக்கிறது. நவீனக் கலை ரசிகர்கள் அனைவரும் ஒரே அணியில் நிற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

டாலி பற்றிய இன்னொரு சர்ச்சையும் இங்கே பொருத்தமானது. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1944இல் எழுதிய கட்டுரை ஒன்றில், டாலி சிறந்த சித்திரக்காரர் என்பதும் அருவருக்கத்தக்க மனிதர் என்பதும் ஆகிய இரண்டு உண்மைகளையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்க நமக்குத் தெரிய வேண்டும் என்றார். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்காது. பிரெத்தோனும் அவரை விட்டுவைக்கவில்லை. சால்வடோர் டாலி என்ற பெயரின் எழுத்துகளையே இடம்மாற்றி, டாலருக்குப் பேராசைப்படுபவர் என்று பொருள்படும் ஒரு பெயரை அவருக்குச் சூட்டினார். சர்ரியலிஸ்டுகள் தம் ஞானத்தந்தையாகக் கொண்ட, உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃபிராய்டு, அவர்களைப் பெரிதாக மதித்ததில்லை. 1938 ஜூலையில் லண்டனில் டாலியைச் சந்தித்த மறுநாள், அதுவரை அவர்களை முழு முட்டாள்களாகக் கருத நினைத்திருந்ததாகவும், அந்த ஸ்பானிய இளைஞரின் வெறி தெறிக்கும் கண்களும் மறுக்க முடியாத தொழில்திறனும் தம் மதிப்பீட்டை மாற்றியதாகவும் எழுத்தாளர் ஸ்டீபன் ஸ்வைக்குக்கு எழுதினார். நனவிலி மனத்தின் ஆய்வாளரை வென்றது நனவோடு பயின்ற கைத்திறன் என்பது எனக்கு எப்போதும் யோசிக்கவைக்கும் செய்தி.

கனவுப்படங்களுக்கு எதிராக எனக்கு ஒரு குறை உண்டு. சங்க அகப்பாடல்களைப் பயின்றவர்கள் உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் உள்ள வேறுபாட்டை அறிவார்கள். உள்ளுறையில், சொல்லப்பட்ட ஒவ்வொரு கருப்பொருளுக்கும் (விலங்கு, மலர் போன்றவற்றுக்கும்) நேராகச் சொல்லப்படாத பொருள் ஒன்று பொருந்தி நிற்கும்; மருதத்துக் குளத்தில் மேயும் எருமை தலைவனாகும், அது மிதித்துச் சிதைக்கும் மலர் தலைவியாகும். இறைச்சியில் அப்படி ஒன்றுக்கொன்று பொருத்திவிட முடியாது; காட்சிக்கு அப்பால் ஒரு பொருள் மணம்போலப் பரவும். டாலியின் எறும்புகளும் இழுப்பறைகளும் ஊன்றுகோல்களும் பிற்காலத்தில் உள்ளுறையின் பட்டியலாகிவிட்டன; எறும்பு என்றால் அழுகல், இழுப்பறை என்றால் மறைந்த ஆசை என்று அகராதி போட்டுப் படிக்கலாம். அகராதி கிடைத்தவுடன் ஓவியம் தீர்ந்துபோகிறது. சர்ரியலிச ஓவியர் ரெனே மாக்ரித்தின் நல்ல ஓவியங்கள் அப்படித் தீர்வதில்லை. புகையிலை பிடிக்கும் புகைக்குழாய் ஒன்றை அச்சுப்படம்போல் வரைந்து, கீழே 'இது புகைக்குழாய் அன்று' என்று பள்ளிப்பிள்ளையின் கையெழுத்தில் எழுதினார் அவர் (1929). விடை எளியது: அது குழாயின் படம், குழாய் அன்று. விடை தெரிந்த பின்னும், கண் அதைக் குழாய் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. வாசகம் அதை மறுத்துக்கொண்டே இருக்கிறது. பார்ப்பதற்கும் பெயரிடுவதற்கும் இடையே உள்ள அந்தச் சிறு விரிசல் மூடுவதே இல்லை.

இந்த இயக்கத்தின் பெண்களை நெடுங்காலம் ஓரமாகவே வைத்திருந்தார்கள். லெனோரா கேரிங்டன், ரெமெதியோஸ் வாரோ ஆகியோரின் ஓவியங்களைப் பார்த்த பின், சர்ரியலிசத்தை ஆண்களின் அடக்கப்பட்ட ஆசைகளின் கண்காட்சியாக எவரும் சுருக்கிவிட முடியாது. மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவை பிரெத்தோன் தம் இயக்கத்தவராக உரிமை கொண்டாடினார். தாம் ஒருபோதும் கனவுகளை வரைந்ததில்லை, தம் சொந்த யதார்த்தத்தையே வரைந்ததாகக் காலோ அதை மறுத்தார். முறிந்த முதுகெலும்போடு வாழ்ந்த ஒருவர், தம் உடலைப் பிளந்த தூணாக வரையும்போது அதைக் கனவு என்று அழைப்பது அவருடைய வலியைக் குறைத்துச் சொல்வதாகும். பெயர்ச்சீட்டு ஓவியத்தைப் பார்ப்பதற்குத் தடையாகும் இடம் இது.

விலை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2019இல் சுவரில் நாடாவால் ஒட்டிய வாழைப்பழத்தைக் காட்சிக்கு வைத்த மவுரிசியோ கத்தேலானின் படைப்பு, 2024இல் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. இதைக் கேட்டு எழும் கோபம் நியாயமானது. ஆனால், அந்தக் கோபத்தின் இலக்கு செல்வம் குவிந்திருக்கும் விதமாகத்தான் இருக்க முடியும். பதினேழாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றும் இதைவிடப் பன்மடங்கு விலைக்குப் போகிறது. அதனால் அந்த ஓவியத்தில் ஒரு தூரிகைத் தடம்கூடக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

வெறுப்பு அரசின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 1937 ஜூலையில் மியூனிக்கில் நாஜி அரசு 'சீரழிந்த கலை' என்ற தலைப்பில், அருங்காட்சியகங்களிலிருந்து பறிமுதல் செய்த சுமார் 650 படைப்புகளை, நெருக்கியடித்துக் கோணலாக மாட்டி, சுவரெங்கும் வசைகளை எழுதி, மக்களைப் பார்க்க அழைத்தது. அங்கு மட்டுமே இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். இதைச் சொல்லி, நவீனக் கலையைப் பிடிக்காதவர்களை எல்லாம் அந்த வரிசையில் நிறுத்துவது அநீதி. ஓர் ஓவியத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்வதற்கும் அதை வரைந்தவரை வரையவிடாமல் செய்வதற்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரியது. பிடிக்கவில்லை என்று உரக்கச் சொல்லும் உரிமையும், வரையும் உரிமையைப் போலவே காக்கப்பட வேண்டியது.

ஆகவே, கேள்வி கேட்டவருக்கு நான் சொல்வது: இயக்கத்தின் பெயரை மறந்துவிட்டு ஒரு படைப்பின் முன் நில்லுங்கள், சில நாள் கழித்து அதனிடம் திரும்பிச் செல்லுங்கள், முதல் அதிர்ச்சி போன பின் அதில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். சர்ரியலிசக் கலைஞர் மெரெட் ஒப்பன்ஹைம் 1936இல் ஒரு தேநீர்க் கோப்பையையும் தட்டையும் கரண்டியையும் மான் ரோமத்தால் போர்த்தினார். முதல் பார்வையில் அது வெறும் குறும்பாகத் தோன்றலாம். அதைப் படத்தில் பார்த்துப் பல ஆண்டுகள் ஆன பின்னும், அதை நினைக்கும்போதெல்லாம் உதட்டில் ஈர ரோமம் படுவதை நான் உணர்கிறேன். கண்ணால் மட்டும் பார்த்த ஒரு பொருள் உதட்டின் உணர்வாக மாறியிருக்கிறது. டாலியின் 1931ஆம் ஆண்டு ஓவியத்துக்கும், எர்ன்ஸ்ட்டின் தேய்த்தெடுத்த காடுகளுக்கும், மாக்ரித்தின் குழாய்க்கும் இத்தகைய ஆற்றல் இருப்பதாக நான் நம்புகிறேன். டாலியின் பிற்கால ஓவியங்களில் பெரும்பாலானவற்றிடம் நான் திரும்பத் திரும்பச் சென்றிருக்கிறேன்; அவற்றில் எனக்கு மிஞ்சியது கைத்திறன் மட்டும்தான்.